மலைக்குப் போகும் வழியில் துணி காய்கிறது

மலைச்சரிவு எரிந்து அடங்கிய பிறகு, தெருவில் துக்கம் விசாரித்தவர்களைவிடக் கடப்பாரை விசாரித்தவர்கள்தான் அதிகம். "உங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சே, சும்மாதானே கிடக்கு?" என்று ஆரம்பித்து, இரவல் வாங்கிய கையோடு மேலே ஏறிவிடுவார்கள். தீயணைப்பு வண்டியின் சக்கரத் தடம்கூட அப்போது அழிந்திருக்கவில்லை.

எல்லாம் கரிக்காகத்தான். அந்தச் சரிவு முழுக்க இடுப்புயரப் புதர். ஒவ்வொரு புதருக்கு அடியிலும், பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக, ஆள் தலை அளவுக்கு ஒரு வேர்முடிச்சு இருக்கும். மற்ற நாளில் முள்ளையும் கிளையையும் தாண்டி அதைத் தொடவே முடியாது. இப்போது மேலே இருந்ததெல்லாம் சாம்பலாகிப் போக, முடிச்சுகள் மட்டும் கறுத்த மொட்டைத் தலைகளாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. தோண்டி எடுத்து, காயவைத்து, தகரத்துக்குள் மூடி மூட்டம் போட்டால் முதல்தரமான கரி. நின்று எரியும். பொறி பறக்காது. தீயே பாதி வேலையை முடித்து வைத்திருக்கும்போது யார்தான் விடுவார்கள்?

முதலில் ஏறியவள் இஸ்திரிக்காரி. இதை அவளே மறைக்க மாட்டாள். தெருவின் கடைசி வீடு அவளுடையது. முன்னால் சலவைக்கடை, அதற்குப் பின்னால் குடியிருக்கும் இரண்டு அறை, அதற்கும் பின்னால் துணி காயப்போடும் முற்றம். முற்றம் முடிகிற இடத்தில் மலை தொடங்குகிறது. மின்சாரப் பெட்டியில் தேய்த்தால் துணிக்கு மரியாதை இல்லை என்பது அவள் கட்சி, கரிப்பெட்டிதான். அதனால் அந்த வாரம் அவளுக்குக் கொள்ளை யோகம். முற்றத்தை ஒட்டிய சரிவிலேயே அடுத்தடுத்துக் குழி தோண்டி, முடிச்சுகளைப் பெயர்த்து, உருட்டிக்கொண்டு வந்து துவைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில் குவித்தாள்.

அவள் புருஷனுக்குத் தெரு வைத்த பெயர் 'பார்க்கலாம்'. கடன் கேட்டாலும், கல்யாணத்துக்குக் கூப்பிட்டாலும், வீடு இடிகிறது என்று சொன்னாலும் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வரும். "இவ்வளவு கட்டை எதுக்கு?" என்று அவராகக் கேட்டதே அதிசயம்.

"ஒரு வருஷத்துக்குக் கரி வாங்க வேணாம். மூட்டம் போட ஆள் சொல்லுங்க."

"பார்க்கலாம்."

அவர் பார்த்துக்கொண்டே இருந்ததில் நாள் ஓடியது. தொட்டியில் துணியை அடித்துப் பிழியும்போதெல்லாம் தண்ணீர் தெறித்து அந்தக் குவியலை நனைத்தது. ஒரு நாள் காலையில், பெட்டிக்குக் கரி தீர்ந்துபோன ஆத்திரத்தில், ஒரு முடிச்சை உடைத்துப் பச்சையாகவே அடுப்பில் திணிப்பது என்று கோடரியோடு போனாள். கையை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

கட்டை துளிர்த்திருந்தது.

கறுப்புத் தோல் அங்கங்கே வெடித்து, அந்த வெடிப்புகளிலிருந்து அரிசி மணி போலச் செந்நிறக் குருத்துகள். சிலவற்றில் குட்டி இலைகூட விரிந்திருந்தது. புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சின் காது மாதிரி, வெளிச்சம் ஊடுருவுகிற இலை. ஒன்றில் மட்டும் இல்லை. புரட்டிப் பார்த்தால் பாதிக் குவியலில் இருந்தது. தீயில் வெந்து, கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, மண்ணே இல்லாமல், சோப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு துளிர்த்திருந்தது.

"ஏய், உனக்கு வெட்கமே இல்லையா?" என்று அவள் கட்டையைப் பார்த்துக் கேட்டதைப் பக்கத்து வீட்டு மாடியில் நின்றவர்கள் காதாரக் கேட்டார்கள்.

அன்றைக்குக் கடையில் ஒரு துணியும் தேய்க்கப்படவில்லை. தெருவுக்கு அதுவே செய்தி.

தெரு 'காவலர் தம்பி' என்று கூப்பிடும் வனத்துறைக் காவலன், தேய்க்கக் கொடுத்த சட்டையை வாங்க வந்தான். நல்ல பையன், படித்தவன், ஆனால் மேலதிகாரியின் நிழல் விழுந்தாலே சல்யூட் அடிக்கிற ஜாதி. அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குவியலைக் காட்டினாள்.

"இது என்னடா தம்பி அநியாயம்?"

அவன் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "இதுக்கு இது புதுசு இல்லக்கா. இந்தப் புதர் தீயோட பழகினது. மேல எல்லாம் போனாலும் அடியில மொட்டு ஒளிச்சு வச்சிருக்கும். இன்னும் சிலது இருக்கு, விதை மட்டும்தான் மிஞ்சும். ஓடு அவ்வளவு கெட்டி, மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா தூங்கும். சூடு பட்டு ஓடு விரிஞ்சாத்தான் முளைக்கும். இப்ப சரிவு பூரா அதுதான் கிடக்கு. மழைக்குக் காத்துட்டு இருக்கு."

"எல்லாம் திரும்ப வந்துடுமா?"

"எல்லாமும்னு சொல்ல மாட்டேன். உச்சியில நிக்கிற பெரிய மரத்துல பாதி அவ்வளவுதான். ஆனா இந்தச் சரிவு வந்துடும். நாம கையை வைக்காம இருக்கணும். அதுதான் கஷ்டம்."

"வேரைத் தோண்டினா?"

அவன் முற்றத்தின் மூலையில், மலையோரமாக இருந்த அடுப்படியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். அவள் தோண்டிய குழிகளிலிருந்து, மழையே இல்லாமல், வெறும் காற்றுக்கே பொடிமண் சரிந்து வந்து, அவள் அடுப்படிச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாய்ந்து கிடந்தது. தினமும் பெருக்கித் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். எங்கிருந்து வருகிறது என்று அதுவரை யோசித்தது இல்லை. இதுவரை மலையைப் பிடித்து வைத்திருந்தது எது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளே அதைப் பிடுங்கி வந்து தொட்டியடியில் குவித்திருந்தாள்.

மறுநாள் அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அதே குழிகளில் வைத்து மண்ணைத் தள்ளி மிதித்தாள். தெரு கைகொட்டிச் சிரித்தது. "கரியைப் புதைக்கிறாளாம், காய்க்குமாம்!" என்று அவள் ஓரகத்தி மார்க்கெட் வரை சொல்லிக்கொண்டு போனாள்.

இந்த ஓரகத்தியைப் பற்றி இரண்டு வார்த்தை. 'பார்க்கலாம்' இருக்கிறாரே, அவருடைய அண்ணன்தான் தெருக் கமிட்டித் தலைவர். முக்கில் பெயிண்ட் கடை. தலைவருடைய சம்சாரம் இவள். தலைவர் தெருவை ஆளுகிறார், தலைவரை இவள் ஆளுகிறாள், இஸ்திரிக்காரி மட்டும் இருவருக்கும் அடங்குவதில்லை. அது பழைய கதை. வேண்டுமானால் யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம், எல்லோரிடமும் ஒவ்வொரு விதமாக இருக்கும்.

தலைவர் கூட்டம் போட்டார். சலவைக்கடைக்கு எதிரே காலி இடத்தில் நாற்காலிகள். விஷயம் இதுதான்: மண் அள்ளும் மெஷின் வருகிறது, எரிந்த கட்டைகளை எல்லாம் வேரோடு வழித்துத் தள்ளும், சரிவைப் படிப்படியாக வெட்டும், அதில் ஒரே அளவில், ஒரே இனத்தில், வேகமாக வளரும் மரக்கன்று வரிசை வரிசையாக. தலைநகரத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து முதல் கன்றை நடுவார். மேளதாளம் தவிர எல்லாம் சொல்லிவிட்டார்.

"மெஷின் எந்த வழியா போகும்?" என்று இஸ்திரிக்காரி கேட்டாள்.

கேட்க வேண்டியதே இல்லை. சரிவுக்கு ஒரு பக்கம் ஓடைப்பள்ளம், மறுபக்கம் பழைய கல்குவாரி. வழி என்றால் அவள் முற்றத்தை ஒட்டிய பொதுப்பாதை ஒன்றுதான்.

"பாதை பொதுப் பாதைதானேம்மா?" என்றார் தலைவர்.

"பாதை பொது மாமா. அடுப்படி என்னோடது. மலையைக் கிளறிவிட்டா மண்ணு எங்க வந்து நிக்கும்?"

"மழைக்குள்ள கன்று வேர் பிடிச்சிடும்."

"கன்றுகிட்ட சொல்லிட்டீங்களா?"

கூட்டம் சிரித்தது. தலைவருக்குக் காது சிவந்தது. ஓரகத்தி எழுந்தாள். "எல்லாருக்கும் முன்னாடி போய் மூட்டை மூட்டையா கட்டை தூக்கினது யாராம்? இப்ப வந்து மலைக்குக் காவல்!"

"நான்தான்க்கா தூக்கினேன். அதனாலதான் சொல்றேன். நான் தோண்டின கொஞ்ச இடத்துக்கே என் சுவர்ல மண்ணு சாஞ்சு நிக்குது. மலையையே தோண்டினா உங்க வீட்டு வாசல்லயும் கொஞ்சம் வரும், கவலைப்படாதீங்க."

பிறகு அவள் கண் காவலர் தம்பியைத் தேடியது. அவன் கடைசி வரிசையில் செருப்பின் வாரை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"தம்பி, என்கிட்ட சொன்னதை இங்க சொல்லு."

"அது வந்து... பல கருத்து இருக்குக்கா," என்றான் அவன். அந்த வருஷம் தெருவில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் அதுதான். இன்றைக்கும் யாராவது நழுவினால், "பல கருத்து இருக்குக்கா" என்போம்.

தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. அவள் நாற்காலியை மடித்து வைத்துவிட்டுப் போனாள். மூத்தாரான தலைவருடைய யோசனையாக இல்லாமல் வேறு யாருடையதாக இருந்தாலும் அவள் இவ்வளவு துள்ளியிருக்க மாட்டாள் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மையாக இருக்கலாம். மீதி அந்தச் சுவர். இரவில் படுக்கையில் கிடந்தால் தலைமாட்டுக்கு அந்தப் பக்கம் பொடிமண் சரசரவென்று இறங்குவது கேட்கும் என்று அவள் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். மாமியார் மாமனார் காலத்துச் சொத்தெல்லாம் மூத்தாருக்குப் போக, அவர்களுக்கு மிஞ்சியது அந்தக் கூரை ஒன்று.

மெஷின் வருகிற அன்று காலை. மஞ்சள் நிறம், யானை உயரம், புகையைத் துப்பிக்கொண்டு தெருமுனையில் திரும்பியது. பின்னால் தலைவர், கமிட்டி, வேலை வெட்டி இல்லாத அத்தனை பேர். கடைசி வீடு வரை வந்தது. வந்து நின்றது.

பாதையே தெரியவில்லை. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்கு, அங்கிருந்து குவாரிச் சுவரின் ஆணிக்கு, மறுபடி வீட்டுக் கூரைக்கு என்று குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, அதில் தெருவே தொங்கிக்கொண்டிருந்தது. தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள் வெள்ளைச் சுவராக முன்வரிசை. அதன் பின்னால் டாக்டரின் கோட்டு, கான்ஸ்டபிளின் யூனிஃபார்ம், பள்ளிக்கூடத்துத் திரைச்சீலைகள், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் விரிப்புகள், தலைவருடைய சட்டைகள் ஒரு முழு வரிசை. காவலர் தம்பியின் காக்கிச் சட்டையை மட்டும் தனியாக, நெஞ்சை நிமிர்த்தின மாதிரி இழுத்துக் கட்டி, எல்லாவற்றுக்கும் முன்னால் தொங்கவிட்டிருந்தாள். ஆள் பேசாவிட்டால் சட்டையாவது பேசட்டும் என்று நினைத்திருப்பாள். வங்கி மேனேஜர் தன் உள்ளாடையில் வாத்துப் படம் போட்டுக்கொள்கிறவர் என்பதை அன்றுதான் ஊர் அறிந்தது. அவர் பிறகு மாற்றல் வாங்கிப் போனதற்கு அது காரணம் இல்லை என்று அவரே சொன்னார்.

மெஷின் ஓட்டுநர் இறங்கி வந்தார். "துணியை எடும்மா."

"காயலை."

"இந்த வெயில்லயா?"

"கெட்டித் துணி. பொறுமையாத்தான் காயும். அவசரம்னா மேல ஏத்திட்டுப் போங்க. அது டாக்டரோடது, இது போலீஸோடது. யாரோடதை முதல்ல ஏத்துறீங்கன்னு சொல்லிட்டு ஏத்துங்க, நான் பேர் சொல்லிடறேன்."

ஓட்டுநர் தலைவரைப் பார்த்தார். தலைவர் தன் தம்பியைப் பார்த்தார். "டேய், நீ கட்டின கொடிதானே இது? அவிழ்த்து விடு."

கிளிப் டப்பாவோடு நின்ற 'பார்க்கலாம்' அண்ணனை ஒரு பார்வை, பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். "பார்க்கலாம்ண்ணா," என்றார். சொல்லிவிட்டு, விடுதி விரிப்பில் இன்னொரு கிளிப்பை எடுத்துக் கவனமாக மாட்டினார். பிறகு இன்னொன்று. வாழ்க்கையில் அவர் எடுத்த முதல் முடிவு அது என்று தெரு தீர்ப்பு எழுதியது.

துணிகளை அவள் அன்று எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. வெயில் கொஞ்சம் ஏறினால், 'பார்க்கலாம்' குடத்தோடு வந்து ஒரு சுற்றுத் தெளித்துவிட்டுப் போவார். கேட்க வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "காயலை."

கான்ஸ்டபிள் லுங்கியும் பனியனுமாக வந்து அதட்டினார். "இது நல்லா இல்லை. பொதுப்பாதையில தடை. நான் நினைச்சா என்ன ஆகும் தெரியுமா?"

"யூனிஃபார்ம் போட்டுட்டு வந்து சொல்லுங்க சார், பயப்படறேன்."

"யூனிஃபார்ம் உங்ககிட்டதானே இருக்கு!"

"அதான் காயலைன்னு சொன்னேனே."

டாக்டர் பூப்போட்ட சட்டையில் நோயாளி பார்த்தார். விடுதிக்காரர் தன் சொந்தப் போர்வைகளை விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுந்தரையில் படுத்தார். தலைவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சட்டை. அதில் பெயிண்ட் கறை. முதலில் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். திட்டுவதற்குக் கடை வாசலுக்கு வருகிறவர்களை அவள் உட்காரவைத்து, டீ கொடுத்து, "மெஷின் கீழ போயிடுச்சுன்னா துணி தானா காஞ்சுடும்," என்று மட்டும் சொல்வாள். அதோடு விடமாட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய், அடுப்படிச் சுவரைக் காட்டுவாள். அப்படியே புதைத்துவைத்த முடிச்சுகளையும் காட்டுவாள். சிலது செத்துப் போயிருந்தது, அதையும் மறைக்கவில்லை. "இது நான் கொன்னது," என்பாள். பக்கத்தில் யாரும் தொடாத முடிச்சுகள் மழை வாசனையே இல்லாத அந்த மண்ணில் விரல் நீளத்துக்குக் குருத்து விட்டிருந்தன. "இது யாரும் ஒண்ணும் பண்ணாதது."

பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திட்டும் திசையை மாற்றினார்கள். "ஏன் தலைவரே, அவசரத்துக்கு ஒரு மெஷினைக் கொண்டுவந்து ஊர் மானத்தைக் கொடியில தொங்கவிட்டீங்களே?" என்று டாக்டரே கடைக்குப் போய்க் கேட்டுவிட்டார்.

"அவ என் தம்பி பொண்டாட்டிதான். ஆனா நான் சொன்னா கேக்க மாட்டா," என்றார் தலைவர்.

"நீங்க சொல்றதை நிறுத்திப் பாருங்களேன்," என்றார் டாக்டர்.

மெஷின் ஓட்டுநருக்கு வேறு ஊரில் வேலை வந்தது. ஒரு மத்தியானம், யாருக்கும் சொல்லாமல், கவனமாக ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாலைக்குள் துணியெல்லாம் காய்ந்துவிட்டது. தேய்த்து மடித்து வீட்டுக்கு வீடு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். காவலர் தம்பி சட்டையை வாங்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இத்தோடு அவள் ஜெயித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். மழை வந்தது.

சும்மா வரவில்லை, மொத்தமாக வந்தது. எரிந்த மண் முதல் மழையைக் குடிக்காது. கறுப்புத் தண்ணீர் சரிவு முழுக்க வழுக்கிக்கொண்டு இறங்கியது. சாம்பலும் சேறும் அடுப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்து, கடை வழியாக வெளியேறி, தெருவுக்கு வந்தது. தேய்த்து அடுக்கியிருந்த விடுதி விரிப்புகள் கரும்பலகை ஆயின. புருஷனும் பெண்டாட்டியும் முழங்கால் சேற்றில் நின்று தட்டு, பக்கெட், கரிப்பெட்டி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டு வாரி இறைத்தார்கள்.

மழை விட்டதும் தலைவர் குடையோடு வந்துவிட்டார். அவர் முகத்தில் இருந்த வருத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்ததை, குடை பிடித்திருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள். "பாத்தியாம்மா? அன்னிக்கே வழிச்சு எடுத்திருந்தா..."

அவள் மண்வெட்டியை ஊன்றி நின்றாள். உடம்பெல்லாம் சேறு, கண் மட்டும் வெள்ளை. "மேல வாங்க மாமா."

"எதுக்கு?"

"வாங்கன்னா வாங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க."

ஊர் பார்க்கிறதே, போகாமல் இருக்க முடியுமா? மூச்சிரைக்க ஏறினார். அவளுக்கு விளக்கிச் சொல்ல அதிகம் இல்லை. தண்ணீர் அரித்த வாய்க்கால்கள் கோடு போட்ட மாதிரி தெரிந்தன. ஒவ்வொரு வாய்க்காலும் ஒரு குழியிலிருந்து தொடங்கியது. கரிக்காகத் தோண்டிய குழி: பெரியது விடுதிக்காரர் ஆள் வைத்துத் தோண்டியது, பக்கத்தில் கமிட்டிப் பொருளாளருடையது, அந்த ஓரத்தில் அவளுடையதும். முடிச்சுகள் உட்கார்ந்திருந்த இடங்களிலோ, அவற்றின் மேல்பக்கம் சேறும் சருகும் தடுக்கி, குட்டிக் குட்டி அணை போல நின்றிருந்தது.

"என் வீட்டுக்கு வந்தது மலை இல்லை மாமா. நாம தோண்டின குழி. இவ்வளவு குழிக்கே இவ்வளவு சேறு."

தலைவர் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு திரும்பினார். இறங்கும்போது வழுக்கியது, ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். அதை அவள் சுட்டிக்காட்டவில்லை. அவ்வளவு பெருந்தன்மை அவளிடம் இருந்தது தெருவுக்கே ஆச்சரியம்.

அடுத்தடுத்த மழைகளில் மலையின் முகம் மாறியது. யாரும் விதைக்காத ஒரு மஞ்சள் பூக்கொடி முதலில் வந்தது. கறுப்பு மண்ணில் ஜமுக்காளம் விரித்த மாதிரி. அந்தக் கொடியை எங்கள் தெருவில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. எத்தனை வருஷமாக அங்கே விதையாகப் படுத்துக்கிடந்ததோ. கொடிக்கு நடுவே புல். புல்லுக்கு மேலே முடிச்சுகளின் குருத்துகள், சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறி, கொத்துக் கொத்தாக முழங்காலைத் தொட்டன. உச்சி மரங்களில் சிலது கறுத்த உடம்பு முழுக்க இலையை ஒட்டவைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் போட்ட கிழவர்கள் மாதிரி நின்றன. மற்றவை எலும்பாக நின்றன, நின்றுகொண்டே இருந்தன. சேறு வருவது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. அவள் அடுப்படிக் கதவுக்கு முன் ஒரு பலகையை நிறுத்திவிட்டு அதைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சமைத்தாள்.

இதற்கிடையில் தலைநகரத்துப் பெரிய மனிதர் தேதி கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லத் தலைவருக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் மூளை இருந்தது. பெரிய மனிதர் வந்து இறங்கியதும், பச்சைச் சரிவைக் கையால் ஒரு வளைவு காட்டி, "இயற்கையாவே வரட்டும்னு கமிட்டி ஆரம்பத்துலயே முடிவு பண்ணிடுச்சுங்க," என்றார். தெரு முழுக்க ஒரே நேரத்தில் இருமியது. இஸ்திரிக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெயர் யாருக்கு வேண்டும், வேர் இருந்தால் சரி.

ஆனால் பெரிய மனிதர் சும்மா திரும்பிப் போகிற ரகம் இல்லை. கூட வந்த ஆள் கையில் ஒரு கன்று, இன்னொரு ஆள் கையில் ரிப்பன் கட்டிய மண்வெட்டி, மூன்றாவது ஆள் கையில் கேமரா. சரிவில் கொஞ்ச தூரம் ஏறி, முற்றத்துக்கு நேர் மேலே, வெளிச்சம் நன்றாக விழுகிற ஒரு இடத்தில் நின்றார். "இங்க நடலாம்."

அங்கே ஒரு முடிச்சு இருந்தது. குருத்துகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மண்வெட்டி கை மாறியது.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து இஸ்திரிக்காரி அந்த இடத்தில் இரண்டு காலையும் அகட்டி வைத்து நின்றாள். குருத்து அவள் பாதங்களுக்கு நடுவில் இருந்தது.

"இங்க வேண்டாம் சார்."

"ஏம்மா?" பெரிய மனிதர் சிரித்தார். "ஒரே ஒரு கன்றுதானே?"

"ஒரே ஒரு குழிதான் சார். அது நேரா என் அடுப்படிக்கு வரும்."

தலைவர் பாய்ந்து வந்தார். "மன்னிச்சுக்குங்க, அவ கொஞ்சம்... ஏம்மா, விருந்தாளிகிட்ட இப்படியா? நகரு."

"நகர மாட்டேன் மாமா."

"நான் சொல்றேன்."

"கேட்டுச்சு. நகர மாட்டேன்."

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. காவலர் தம்பி, பெரிய மனிதருக்குப் பாதுகாப்பாக யூனிஃபார்மில் நின்றவன், தொண்டையைச் செருமினான். "சார், அவங்க சொல்றது சரி. அந்த முடிச்சை வெட்டினா அந்த இடம் சரிஞ்சிடும். இங்க எதுவும் நடாம இருக்கிறதுதான் நல்லது. அதுவா வந்துட்டு இருக்கு." குரல் கிழிந்துதான் வந்தது. ஆனால் வந்தது. பின்னாலிருந்து யாரோ, "பல கருத்து இருக்குமே தம்பி?" என்றார்கள். "ஒரே கருத்துதான்," என்றான் அவன்.

பெரிய மனிதர் காவலனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ரிப்பன் கட்டிய மண்வெட்டியைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"கீழ குடியிருக்கேன் சார்."

 அவள் நகரவில்லை. பெரிய மனிதருக்கு அடுத்த ஊரில் இன்னொரு கன்று காத்திருந்தது. போட்டோவை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினார். கொண்டுவந்த கன்றைத் தலைவர் கடை வாசலில் ஒரு பெயிண்ட் டப்பாவில் வைத்தார்கள். ஓரகத்தி இப்போது அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறாள், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு.

அந்தப் போட்டோ கமிட்டி அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. பெரிய மனிதர் மண்வெட்டியைத் தரையை நோக்கி நீட்டியபடி நிற்கிறார், பக்கத்தில் தலைவர் சிரிக்கிறார். இஸ்திரிக்காரியை வெட்டிவிடச் சொல்லித் தலைவர் ஸ்டுடியோக்காரரிடம் படாத பாடு பட்டார். தலையை எடுத்தார்கள், தோளை எடுத்தார்கள். கால்களை எடுக்க முடியவில்லை. அவற்றை எடுத்தால் மண்வெட்டியும் போய்விடும். அதனால் சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த இரண்டு பாதங்கள், அசையாமல், படத்தின் நட்டநடுவில் நிற்கின்றன. நடுவில் அந்தக் குருத்து.